நான் கூப்பிடுகிற வரைக்கும்

நீரஜாவுக்கு ஏர்போர்ட்டில் வேலை என்றால், மயிலாப்பூரில் எல்லாரும் அவளை மைக்கில் அறிவிப்புச் செய்கிற பெண் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பம்பாயிலிருந்து வரும் விமானம் தாமதமாக வரும் என்று இழுத்து இழுத்துச் சொல்வார்களே, அந்தப் பெண். ஆரம்பத்தில் அவளும் திருத்திப் பார்த்தாள். ஆகாயத்தில் இருக்கிற விமானத்தோடு பேசி, இப்படி வா, அப்படிப் போ, இன்னும் கொஞ்சம் உயரத்திலேயே இரு என்று சொல்வதுதான் தன் வேலை என்று விளக்கினாள். "ஓட்டறவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடப் போறது?" என்று பக்கத்துப் போர்ஷன் மாமி கேட்டாள். நியாயமான கேள்விதான். மாட வீதிகளில் நியாயமில்லாத கேள்வியை யாரும் கேட்பதில்லை. பதிலைத்தான் யாரும் காதில் வாங்குவதில்லை. நீரஜா விட்டுவிட்டாள்.

பௌதிகம் படித்துவிட்டு, பரீட்சை எழுதி, வடக்கே போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவள். ஏர்போர்ட் கோபுரத்தில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தவர்களில் அவள் ஒருத்திதான் பெண். கணவன் சுப்பராமன் ஒரு கல்லூரியில் வணிகவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டி மாற்றி மாற்றி ஷிப்ட் போவதைப் பற்றி அவன் முகம் சுளித்ததே இல்லை. ஆத்தில் அவள் குரல் எழும்பவே எழும்பாது என்றும், மைக்கைக் கையில் கொடுத்தால் போயிங் விமானமே கைகட்டி நிற்கும் என்றும் சொந்தக்காரர்களிடம் பெருமையாகக் கேலி செய்வான். அதில் பொய் இல்லை. நிதானமான, கொஞ்சம் கனத்த குரல் அவளுக்கு. பெயர் தெரியாத விமானிகள்கூட அந்தக் குரலைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அந்த வேலையில் பெரிய விமானங்கள் ஒரு தொல்லையே இல்லை. ராடார் திரையில் ஒரு புள்ளியாக வரும். பக்கத்திலேயே அதன் எண்ணும் வரும். தொல்லையெல்லாம் பயிற்சிப் பள்ளியின் சின்ன விமானங்களால்தான். இரண்டு பேர் முழங்கால் இடிக்க உட்காருகிற வண்டிகள் அவை. தான் இன்னார் என்று ராடாருக்குச் சொல்கிற கருவி அவற்றில் கிடையாது. ஒரே ஓடுபாதை, ஒரே ஆகாயம். நூற்றைம்பது பேரை ஏற்றிக்கொண்டு ஒன்று வரும், மாணவன் ஒருவனை ஏற்றிக்கொண்டு இன்னொன்று சுற்றும். இரண்டும் ஒன்றை ஒன்று தொடாமல் பார்த்துக்கொள்ளக் கோபுரத்தில் இருப்பவர்களுக்குக் கண் உண்டு, வாய் உண்டு, ஞாபகம் உண்டு. வேறு ஒன்றும் கிடையாது.

ஞாபகத்துக்குத் துணையாக ஸ்ட்ரிப் இருந்தது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நீளமான காகிதத் துண்டு. அதில் பெயரும் உயரமும் எழுதி, பிளாஸ்டிக் சட்டத்தில் செருகி, எதிரே இருக்கிற பலகையில் அடுக்கி வைப்பார்கள். மேல் வரிசைகள் பெரிய விமானங்களுக்கு, அடி வரிசை பயிற்சி விமானங்களுக்கு. அந்த அடி வரிசையில் மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு வழக்கம் இருந்தது. ஸ்ட்ரிப் நேராக இருந்தால் அந்த விமானம் தரையில் நிற்கிறது. பாதி வெளியே இழுத்துக் கோணலாக வைத்திருந்தால், அது ஆகாயத்தில் எங்கேயோ நம் வார்த்தைக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது. எத்தனை வேலைக்கு நடுவிலும் அந்தக் கோணல் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். உறுத்த வேண்டும் என்பதற்காகத்தான் அது.

தொண்ணூற்று நான்காம் வருஷம் கோடையில், பயிற்சிப் பள்ளி மாணவர்கள் சிலரைக் கோபுரத்தைப் பார்க்க அழைத்து வந்தார்கள். அறிவழகன் என்ற மாணவன் மட்டும் எல்லாருக்கும் பின்னால், கதவை ஒட்டினாற்போல நின்றான். சிந்தாதிரிப்பேட்டையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கும் பஞ்சாட்சரத்தின் மகன். அறிவு என்று கூப்பிடுவார்கள். அரசாங்க உதவித்தொகையில் பறக்கக் கற்றுக்கொள்ள வந்திருந்தான். மற்ற பையன்கள் காரில் வந்து இறங்குவார்கள். இவன் மின்சார ரயிலில் வந்து, வெயிலில் நடந்து வருவான். அந்த வாரம்தான் ஒரு பெரிய விமானம் பேசிக்கொண்டிருக்கும்போது இவன் நடுவில் பேசி, இரண்டு பேச்சும் குழம்பிப்போய், பள்ளியில் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

நீரஜா அவனைக் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டாள். அன்றைக்கு நடுவில் பேசியது நீதானா என்று கேட்டதும் அவன் முகம் செத்துப்போயிற்று. ஆமாம் மேடம், தெரியாமல் பேசிவிட்டேன் என்றான். அவளுக்குப் பாவமாக இருந்தது.

"பயப்படாதே," என்றாள். "கூட்டமா இருக்கறச்சே நான் உன்னைக் காத்திருக்கச் சொல்லுவேன். சொன்ன இடத்துலயே சுத்திண்டு இரு. நான் கூப்பிடற வரைக்கும் நீ பேசவே வேண்டாம். கட்டாயம் கூப்பிடுவேன்."

அவன் தலையை ஆட்டினான். சந்தேகம் வந்தால் உடனே கேள் என்றுதான் புத்தகம் சொல்கிறது. அது நீரஜாவுக்குத் தெரியாதா? பையன் அரண்டு போயிருந்தான், ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயில் வந்ததைச் சொன்னாள். அந்த ஆறுதல் வார்த்தை அவளை என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

அந்த வருஷத்து ஆயுத பூஜை வந்தது. நம் ஊரில் அன்றைக்குப் பொட்டு வாங்காத இயந்திரம் உண்டா? லேத் பட்டறையில் லேத்துக்கு, ஆட்டோ ஸ்டாண்டில் ஆட்டோவுக்கு, ஆபீசில் டைப்ரைட்டருக்கு. கோபுரத்தில் பைனாகுலருக்கு, டெலிபோனுக்கு, மைக்குக்கு, ஸ்ட்ரிப் பலகைக்கு. தண்ணீர், எண்ணெய், சந்தனம், குங்குமம் எதையும் கருவிகளின் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்று விதி இருந்தது. அந்த விதியை வருஷத்தில் ஒரு நாள் எல்லாரும் மறந்துவிடுவார்கள், அதிகாரிகள் உட்பட. துடைத்துப் பொட்டு வைக்கிற வேலை எப்போதும் நீரஜாவுடையது. லட்சுமி மாதிரி நீ இருக்கும்போது வேறு யார் வைப்பது என்று சந்திரமௌலி சொல்வார். ஆதம்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு, ஓய்வு பெறுகிற நாளை எதிர்பார்த்துக்கொண்டிருந்த மூத்த அதிகாரி அவர். நல்ல மனுஷர். ஒருத்தரையும் கடிந்து பேசாதவர்.

அன்று காலை சந்திரமௌலிதான் மைக்கில் இருந்தார். பயிற்சி விமானங்கள் சீக்கிரமே கிளம்பிச் சீக்கிரமே இறங்கிக்கொண்டிருந்தன, பள்ளியிலும் பூஜை. அறிவு மட்டும் தனியாக ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். பெரிய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரவே, திருவான்மியூர்க் கரைக்கு மேல் சுற்றிக்கொண்டிரு, கூப்பிடுகிறேன் என்று சந்திரமௌலி அவனிடம் சொல்லி, அவன் ஸ்ட்ரிப்பை இழுத்துக் கோணலாக வைத்தார். அடுத்த ஷிப்ட் நீரஜாவுடையது. முன்னதாகவே வந்துவிட்டவள் குளித்த ஈரம் காயாத தலையோடு, கையில் சந்தனக் கிண்ணமும் பழைய துணியும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பலகையிடம் வந்தாள். மேல் வரிசைகளை ஒன்று எடுத்தால் ஒன்று வைத்து, கவனமாகத்தான் துடைத்தாள். அடி வரிசையில் கை வைத்தபோது கீழேயிருந்து பொரி, சுண்டல் வந்தது. யாரோ தட்டை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். அவள் பதில் சொல்லிக்கொண்டே அந்தச் சட்டங்களை மொத்தமாக எடுத்து, தூசியைத் துடைத்து, ஒழுங்காக, நேராக, வரிசை பிசகாமல் அடுக்கினாள். சாமிக்கு வைப்பதைக் கோணலாக வைக்கிற கை இல்லை அவளுடையது. பலகையின் நான்கு மூலையிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். பார்க்க நன்றாக இருந்தது.

ஷிப்ட் மாறும்போது இருப்பவர் வருபவருக்குப் பலகையை மேலிருந்து கீழாகப் படித்துக் காட்ட வேண்டும். சந்திரமௌலி படித்தார். அடி வரிசைக்கு வந்தார். எல்லாம் நேராக இருந்தது. பல விமானங்களை ஏற்றி இறக்கிய களைப்பு அவருக்கு. பலகை சொன்னதை அவரும் நம்பிவிட்டார். "சின்னதெல்லாம் இறங்கியாச்சு," என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டு, சுண்டல் பக்கம் போனார். நீரஜா மைக்குக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

திருவான்மியூருக்கு மேலே அறிவு சுற்றிக்கொண்டிருந்தான். ஐப்பசி நெருங்குகிற வானம்; தெற்கேயிருந்து மேகம் திரண்டுவந்தது. மேகத்துக்குள் போகக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் மேகத்தை விட்டுக் கொஞ்சம் வடக்கே ஒதுங்கினான். பெரிய விமானங்கள் கடலிலிருந்து அடையாறுக்கு மேலாகத்தான் இறங்கும். ஒதுங்கி ஒதுங்கி அவன் அந்த வழிக்கே வந்துவிட்டான். காதில் மாட்டிய கருவியில் நீரஜாவின் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இவனைக் கூப்பிடவில்லை. இவனும் பேசவில்லை.

அவள் ஒரு பெரிய விமானத்தை இறங்கச் சொன்னாள். பாதை காலியாக இருக்கிறது என்றாள். கொஞ்ச நேரத்தில் அந்த விமானி கத்தினார். நேர் எதிரே ஒரு சின்ன விமானம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், விமானத்தை மேலே தூக்கிவிட்டார். இரண்டுக்கும் நடுவே ஒரு தென்னை மர உயரம் இருந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். உள்ளே இருந்தவர்கள் மேல் காபி கொட்டியது. ஒரு அம்மாளுக்கு நெற்றி புடைத்துக்கொண்டது. அவ்வளவுதான். பெரிய விமானம் கிளப்பிய காற்றில் மாட்டி, சின்ன விமானம் ஒரு பக்கமாகப் புரண்டு, கடலை நோக்கிச் சரிந்து, அலைக்குக் கொஞ்சம் மேலே எப்படியோ நிமிர்ந்தது.

நீரஜா பலகையைப் பார்த்தாள். அடி வரிசை அழகாக, நேராக இருந்தது. எந்த ஸ்ட்ரிப் கோணலாக இருந்தது என்று அப்போதுதான் அவள் விரலுக்கு ஞாபகம் வந்தது. அறிவின் விமானத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இருக்கிறேன் மேடம் என்று பதில் வந்தது. அவனை இறக்கிக் கொண்டுவருகிற வரைக்கும் அவள் குரல் பிசகவில்லை. அவன் இறங்கிச் சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுப்பதை பைனாகுலரில் பார்த்தாள். அதன் கண்ணாடி ஓரத்தில் இருந்த குங்குமம் அவள் புருவத்தில் ஒட்டிக்கொண்டது.

டெல்லியிலிருந்து விசாரணைக்கு அதிகாரி வருவதற்குள் பொட்டுகளையெல்லாம் சந்திரமௌலியே துடைத்துவிட்டிருந்தார். பொரி, சுண்டல் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் கோபுரமே காலியாகிவிடும். சந்திரமௌலியின் ஓய்வூதியத்திலிருந்து தட்டு தூக்கி வந்த பியூன் வரைக்கும் கை வைப்பார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்வதென்று பேசி வைத்துக்கொண்டார்கள். ஷிப்ட் முறையாக மாறியது, மாணவன் காத்திருப்பது நீரஜாவுக்குத் தெரியும், கூப்பிட இருந்தாள், அதற்குள் அவன் சொன்ன இடத்தை விட்டு விலகிவிட்டான், விலகியதைத் தெரிவிக்கவும் இல்லை. கடைசி இரண்டும் உண்மை. கோபுரத்துப் பேச்சைப் பதிவு செய்கிற ஒலிநாடாவிலும் அவன் அப்படிச் சொன்னதாக இல்லை. அவன் பறப்பதும் பறக்காமல் போவதும் அந்த ஒரு 'தெரியும்' என்ற சொல்லில் நின்றது. நீரஜாவுக்குத் தெரிந்திருந்தது என்றால் தப்பு அவனுடையது. தெரியாது என்றால் அவன் மறக்கப்பட்டவன்.

விசாரணைக்கு முதல் நாள் சந்திரமௌலி மயிலாப்பூருக்கு வந்தார். நீரஜா கொடுத்த காபியை ஆற்றிக் குடித்தார். பிறகு, "ஒண்ணும் ஆகலையேம்மா," என்றார். "ஆகியிருந்தா பேசலாம். ஆகாத ஒண்ணுக்காக இத்தனை பேர் குடும்பத்தைத் தெருவுல நிறுத்தணுமா? அவன் சின்னப் பையன். வேற வேலை பார்த்துப்பான்."

அவர் போன பிறகு சுப்பராமனும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னான். அவனுக்குப் பயம். பெண்டாட்டியை ஜெயிலில் போட்டுவிடுவார்களோ என்று கேட்டான். கேலி பேசுகிற மனுஷன் அன்றைக்கு முழுக்க ஒரு கேலியும் பேசவில்லை.

நீரஜா மறுநாள் உள்ளதைச் சொன்னாள். பூஜை நடந்தது, ஸ்ட்ரிப்பை நேராக்கியது நான், அவன் மேலே இருப்பது எனக்குத் தெரியாது, பேசாமல் இரு என்று கோடையில் அவனிடம் சொன்னதும் நான் என்றாள். அந்த அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல தண்ணீர் ஒரு டம்ளர் கொண்டுவரச் சொன்னார். நடுவானில் மோதல் தப்பிய பிறகு கோபுரத்தில் இருப்பவர்கள் இப்படித் தங்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொள்வது உண்டு, அதிலும் பெண்கள் மனசு இளகியது என்று மிகவும் பரிவாகச் சொன்னார். மற்ற எல்லாரும் ஒன்றைச் சொல்ல, இவள் மட்டும் வேறு ஒன்றைச் சொன்னால் அதிர்ச்சி என்றுதானே அர்த்தம்? ஓய்வு தேவை என்று எழுதி, சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தப் பரிவைத் தாங்க முடியவில்லை. மாணவன் விதியை மீறியதாகத் தீர்ப்பு வந்தது. உதவித்தொகை நின்றது, பறக்கிற அனுமதியைப் பறித்துக்கொண்டார்கள். நீரஜா மேலே மேலே எழுதிப் போட்டாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

விடுப்பு முடிந்து மைக்குக்குத் திரும்பியவள் பழைய நீரஜா இல்லை. ஒரு பெரிய விமானத்தை இறங்கச் சொல்வதற்கு முன்னால் அடி வரிசையில் இருக்கிற ஒவ்வொரு பெயரையும் கூப்பிட்டாள். தரையில் நிற்கிறது என்று கண்ணால் பார்த்த விமானத்தையும் கூப்பிட்டாள். ஆள் இல்லாத விமானம் என்ன பதில் சொல்லும்? பதில் வராதது அவளை இன்னும் கலக்கியது; மறுபடியும் கூப்பிட்டாள். மேலே பெரிய விமானங்கள் எரிபொருளைக் கரைத்துக்கொண்டு சுற்றின. விமானிகள் முதலில் சிரித்தார்கள், பிறகு புகார் கொடுத்தார்கள். ஒருநாள் மழையில், பயிற்சிப் பள்ளிக்கே விடுமுறையான நாளில், மேலே யாராவது இருக்கிறீர்களா, யாராவது இருந்தால் பேசுங்கள் என்று அவள் தமிழிலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். சந்திரமௌலி வந்து அவள் தோளைத் தொடாமல், மைக்கை மட்டும் மெல்ல வாங்கிக்கொண்டார்.

அவளைக் கீழே ஓர் அறைக்கு மாற்றினார்கள். பழைய காகிதங்களைக் கட்டி வைக்கிற அறை. அங்கே ஜன்னல் கிடையாது. மைக் போன பிறகு அவள் குரலும் போய்விட்டது என்று சுப்பராமன் வருத்தப்பட்டான். சமையலறையிலிருந்து பக்கத்து அறைக்குக்கூட அவள் யாரையும் கூப்பிடுவதில்லை, எழுந்து வந்துதான் சொன்னாள். பக்கத்துப் போர்ஷன் மாமி, ஏன் இப்போதெல்லாம் ஏர்போர்ட்டில் வேறு யாரோ அறிவிப்புச் செய்கிறார்கள் என்று கேட்டாள். நீரஜா அதற்கு மட்டும் சிரித்தாள்.

அறிவைப் பார்க்க வேண்டும் என்று பல தடவை கிளம்பினாள். ஒரு தடவை சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரைக்கும் போய், கூவம் நாற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள். போய் என்ன சொல்வது? உன் வாழ்க்கை போயிற்று, எனக்குச் சம்பளம் வருகிறது என்றா?

அடுத்த ஆயுத பூஜையும் வந்தது. வராமல் இருக்குமா? சந்திரமௌலி ஓய்வு பெற்றுப் போயிருந்தார். மேலே ஸ்நேஹா என்ற புதுப் பெண் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, சந்தனக் கிண்ணமும் துணியுமாகப் படியேறிக்கொண்டிருந்தவளை நீரஜா வழிமறித்தாள். அடி வரிசை ஸ்ட்ரிப்பை மட்டும் தொடாதே, தயவுசெய்து அதை மட்டும் விட்டுவிடு என்று கெஞ்சினாள். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். "எல்லாத்தையும் துடைச்சு வைக்கச் சொல்லியிருக்காங்க மேடம்," என்று சொல்லிவிட்டு மேலே போனாள். நீரஜாவைப் பற்றி அவளிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பார்கள்.

நீரஜா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் வரைக்கும் வந்து, அங்கிருந்து நடந்தாள். சிந்தாதிரிப்பேட்டையில் கடைக்குக் கடை மாவிலையும் வாழைக்கன்றும் கட்டியிருந்தார்கள். பஞ்சாட்சரத்தின் கடையை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. வாசலில் பழைய மோட்டார்கள் குடலைப் பிடுங்கிப்போட்ட மாதிரி செம்புக் கம்பியோடு கிடந்தன. உள்ளே ஒருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு, கைப்பிடி வைத்த மிஷினில் காயில் சுற்றிக்கொண்டிருந்தான்.

அறிவு இருக்கிறாரா என்று கேட்டாள். கைப்பிடி நின்றது. அவன் திரும்பவில்லை. அவள் முகத்தை அவன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறான். குரலைத்தான் தெரியும்.

"வாங்க மேடம்," என்றபடி எழுந்து திரும்பினான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். இளைத்திருந்தான், விரலெல்லாம் வார்னிஷ் கறை. நீரஜா ஸ்டூலில் உட்காரவில்லை. நின்றபடியே, விசாரணையில் உண்மையைச் சொன்னதையும் யாரும் எழுதிக்கொள்ளாததையும் சொன்னாள். அவனுக்கு அது தெரிந்திருந்தது. பள்ளியில் யாரோ சொல்லியிருந்தார்கள். மறுபடியும் எழுதிப் போடுகிறேன், கோர்ட்டுக்குப் போகலாம் என்றாள்.

"வேணாம் மேடம். அம்மாக்கு இப்பதான் ராத்திரில தூக்கம் வருது," என்றான்.

அவன் கம்பியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் நின்றான். பிறகு அவள் கேட்காததைச் சொன்னான். "பெரிய ஃப்ளைட்ட எறங்கச் சொன்னீங்களே, அது எனுக்கும் கேட்டுச்சு மேடம். நான் இங்க கீறது மேடத்துக்குத் தெரியும், தெரிஞ்சிதான் சொல்றாங்கன்னு நெனச்சிக்கினேன். கூப்புடுவேன்னு சொன்னீங்க இல்ல? அத்தொட்டுதான் பேசாம சுத்திக்கினே இருந்தேன்."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை அது. நடந்ததைச் சொன்னான். நீரஜாவுக்கு அழுகை வரவில்லை. அழுதால் அவன்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். ஊரில் இருக்கிற எல்லாரையும் விட இவன் ஒருத்தன் தன்னை நம்பியிருக்கிறான் என்று நினைத்தபோது, அந்த நம்பிக்கையைப் போல ஒரு தண்டனையை எந்த விசாரணையும் கொடுத்திருக்க முடியாது என்று பட்டது.

அப்போது பின்கட்டிலிருந்து அவன் அம்மா தேவானை வந்தாள். கையில் சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டு. வாசலில் மஞ்சள் குங்குமத்தோடு ஒரு பெண் நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. யார், எவர் என்று தெரியாது. கடைக்கு ஏதோ மோட்டார் விஷயமாக வந்தவள் என்று நினைத்திருப்பாள்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்கம்மா," என்றாள். "அவங்க அப்பா பூசணிக்கா வாங்கப் போயிகீறாரு. பொட்டு வெக்கலாம்னு வந்தேன். மகாலச்சுமி கணக்கா வந்து நிக்கிறீங்க. உங்க கையாலயே மிஷினுக்கு வெச்சிட்டுப் போங்க."

தட்டை நீட்டினாள். நீரஜாவின் விரல் சந்தனத்தைத் தொட்டது. அதற்குமேல் கை எழும்பவில்லை. தேவானை ஒன்றும் புரியாமல் மகனைப் பார்த்தாள். அறிவு சுற்றிக்கொண்டிருந்த காயிலைக் கழற்றி ஓரமாக வைத்தான். மிஷினை ஒரு துணியால் துடைத்து, அவள் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

"வெய்ங்க மேடம்," என்றான். "இது எங்கியும் போவாது. தரையிலதான் கீது."

நீரஜா குனிந்து அதற்குச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள்.